மனவரைபடத்தில் மனம் எங்கே?

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2007-08இல் 'படைப்பாற்றல் கல்வி' வந்தபோது மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். மாணவர் பாடத்தைத் தாமே படித்து, மனவரைபடம் வரைந்து, குழுவில் பேசித் தொகுத்து, சொந்த நடையில் எழுதவேண்டும். தமிழ் கற்பிப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பின்னர் வையம்பட்டியில் உறவுப் பிள்ளைகளின் ஏழாம் வகுப்பு ஏடுகளைப் புரட்டினேன். எல்லா வரைபடங்களும் ஒன்றுபோலவே இருந்தன. கரும்பலகையிலிருந்து அப்படியே இறங்கியவை! மனம் ஆளுக்கு ஆள் வேறல்லவா? முறையைக் குறைசொல்ல மாட்டேன். இந்த வாரத்துக்குள் இந்தப் பாடம் முடியவேண்டும் என்கிற அவசரத்தில் எந்தப் பிள்ளைதான் யோசிக்கும்? எந்த ஆசிரியர்தான் காத்திருப்பார்?

ஒரு சிறுமி மட்டும் மழையைப் பற்றிய வரைபடத்தில் 'எங்கள் கிணறு' என்றொரு கிளை பிரித்திருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.