பழைய வழக்கு புதிய வழக்கின் தீர்ப்பாகுமா?

“ஏற்கெனவே உள்ளே போய் வந்தவன்தானே, இதையும் அவன்தான் செய்திருப்பான்.” யாராவது கைதானால் தேக்கா உணவங்காடியிலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. சில வேளைகளில் குடும்பத்தாரே, “உன் பேச்சை யார் நம்பப் போகிறார்கள்? ஒப்புக்கொண்டுவிடு” என்று சொல்லிவிடுகிறார்கள்.

சிங்கப்பூர்ச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இங்குள்ள சாட்சியச் சட்டம் 1893ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1872ல் இந்தியாவுக்காக ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த சட்டமே அதற்கு முன்மாதிரி. ஒருவரின் பழைய குற்றத்தைக் காட்டி, ‘இவர் இப்படிப்பட்டவர், எனவே இதையும் செய்திருப்பார்’ என்று அரசுத் தரப்பு வாதிட அது பொதுவாக இடம் தருவதில்லை. முன்பு திருடியவர், இந்தத் திருட்டு நடந்த இரவில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம் அல்லவா?

விதிவிலக்குகளும் உண்டு. 14, 15ஆம் பிரிவுகளின்படி, குற்றம் சாட்டப்பட்டவரின் எண்ணத்தை அறியவும், நடந்தது தற்செயலா திட்டமிட்ட செயலா என்று பார்க்கவும் பழைய சம்பவங்களைக் கொண்டுவரலாம். சட்டமே ஓர் எடுத்துக்காட்டு தருகிறது. காப்புறுதிப் பணத்துக்காக வீட்டை எரித்ததாக ஒருவர்மீது வழக்கு. அவர் முன்பு குடியிருந்த வீடுகளும் ஒவ்வொன்றாக எரிந்தன, ஒவ்வொரு முறையும் காப்புறுதிப் பணம் கிடைத்தது என்றால் அந்தத் தகவல் ஏற்கத்தக்கது.

அப்போதும் கதவு முழுதாகத் திறப்பதில்லை. 1996ல் டான் மெங் ஜீ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தராசை முன்வைத்தது. பழைய செயல் உண்மையை நிறுவ எவ்வளவு உதவுகிறது, தவறான எண்ணத்தை எவ்வளவு விதைக்கிறது என இரண்டையும் எடைபோட வேண்டும். முதல் தட்டு கனத்தால் மட்டுமே அந்தச் சாட்சியம் உள்ளே வரலாம்.

சிங்கப்பூரில் ஜூரி முறை 1969ல் ஒழிக்கப்பட்டது. நீதிபதியே தீர்ப்பளிக்கும்போது இந்தக் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். நீதிபதியும் மனிதர்தான். தராசு இருப்பதால்தான், அது சாய்ந்ததாகத் தோன்றினால் மேல்முறையீட்டில் சுட்டிக்காட்ட முடிகிறது.

ஆனால், குற்றவாளி எனத் தீர்ப்பான பிறகு நிலைமை வேறு. தண்டனை விதிக்கும் கட்டத்தில் பழைய பதிவுகள் முழுவதும் முன்வைக்கப்படும். மீண்டும் மீண்டும் போதைப்பொருள் உட்கொண்டவர்களுக்குக் குறைந்தது 5 ஆண்டுச் சிறை விதிக்கவும் சட்டத்தில் வகையுண்டு. இந்த இரண்டு கட்டங்களையும் குழப்பிக்கொள்வதால்தான், ‘எப்படியும் தண்டனைதான்’ என்று பலர் தளர்ந்துபோகிறார்கள்.

மனத்தில் வைக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பழைய வழக்கை வழக்கறிஞரிடம் மறைக்கக்கூடாது. சாட்சிக்கூண்டில் ஏறி, “நான் எந்த வம்புக்கும் போனதில்லை” என்று நற்பெயரைக் காட்டினால், அரசுத் தரப்பு பழைய பதிவைப் பற்றிக் கேள்வி கேட்க வழி பிறக்கும்.

இரண்டாவது, பணமில்லை என்று தனியாக நிற்க வேண்டியதில்லை. வருமானத் தகுதியுள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட அரசுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தை நாடலாம். வெளிநாட்டு ஊழியர்கள் புரோ போனோ எஸ்ஜி அமைப்பிடம் உதவி கேட்கலாம்.

செய்த குற்றத்துக்கு அவர் அன்றே தண்டனை அனுபவித்துவிட்டார். செய்யாததை ஒப்புக்கொள்ளச் சொல்லும் முன், வீட்டில் உள்ளவர்கள் முதலில் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கட்டும்.