'சீனியர்' எண்டால் எவ்வளவு?

என்னோட பள்ளிக்கூடத்தில் படிச்ச ஒருத்தி ஐடி கொம்பனி ஒன்றில் சேர்ந்து ஒன்றரை வருசம். போன மாசம் அவளை 'சீனியர் சொப்ட்வெயார் எஞ்சினியர்' ஆக்கினார்கள். லிங்க்ட்இன்னில் ஊரே வாழ்த்தியது, நானும்தான். பிறகு கோல் எடுத்துக் கதைச்சால், சம்பளத்தில் ஒரு ரூபாயும் கூடவில்லையாம். கூடினது இரண்டு இன்டர்ன்களும் இரவு பத்து மணி மீட்டிங்கும்.

இதைப் பதவி உயர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பளத்துக்குப் பதிலாக ஒரு சொல்லைக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லுக்கு ஈபிஎப் 12 வீதம் கட்டத் தேவையில்லைத்தானே.

"பேரில என்ன கிடக்கு, வேலைதானே முக்கியம்" என்று சொல்லுற ஆக்கள் இருக்கினம். அப்படியெண்டால் கொம்பனிகள் ஏன் இவ்வளவு மினக்கெட்டுப் பேர் வைக்கினம்? ஏஐக்காகப் படங்களில் பெட்டி கீறுகிறவர் 'டேட்டா ஸ்பெஷலிஸ்ட்'. போனில் ஏச்சு வாங்குகிறவர் 'கஸ்டமர் சக்சஸ்'. (கலைப்பீடத்துக்காரர் எங்களுக்கு வாற விளம்பரங்களில் பாதி இதுதான்.) பெட்டி கீறுறது கேவலமான வேலை இல்லை. அது இல்லாமல் ஏஐக்கு ஆட்டோவும் தெரியாது, ஆடும் தெரியாது. ஆனால் வேலையின் உண்மையான பேரை மறைச்சால், ஒரு பெட்டிக்கு எவ்வளவு காசு என்ற கேள்வியும் சேர்ந்து மறைஞ்சுபோகும்.

'சொப்ட்வெயார் எஞ்சினியரிங்' என்ற சொல்லை 1968இல் ஜேர்மனியின் கார்மிஷில் நடந்த நேட்டோ மாநாட்டுக்குத் தலைப்பாக வைத்ததே சீண்டுவதற்குத்தான். மற்றப் பொறியியல் துறைகளில் இருக்கிற ஒழுங்கு மென்பொருளுக்கும் வேணும் என்று கேட்ட சொல் அது. அப்பலோ விண்கலத்துக்கு மென்பொருள் எழுதிய குழுவை நடத்திய மார்கரெட் ஹமில்டனும் தங்கட வேலைக்கு மரியாதை கேட்டுத்தான் அந்தச் சொல்லைப் பாவித்தார். இப்ப அதே சொல் மலிவுச் சரக்கு.

மலிவுக்கும் விலை இருக்கு. இவள் வேற இடத்துக்கு இன்டர்வியூ போனாள். 'சீனியர்' என்று பார்த்து ஐந்து வருச அனுபவக்காரரிடம் கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டுதான் வெளியில வந்தவள். வீட்டிலயோ கலியாணத் தரகருக்கு "பெரிய எஞ்சினியர்" என்று சொல்லியாச்சு. நாங்களும் இந்தக் கள்ளத்துக்குக் கூட்டுத்தான்.

முதல் செய்த வேலை, இப்ப செய்யிற வேலை, கேட்கிற சம்பளம் மூன்றையும் எழுதி எச்ஆருக்கு அனுப்பச் சொன்னேன். எழுதிவிட்டாள். கீழே கையெழுத்தில் 'சீனியர்' போடட்டோ விடட்டோ என்று நேற்று இரவு கேட்டாள்.

போடு, அதை வச்சுத்தானே கேட்கப்போறாய் என்றேன்.