பூட்டிய ஃப்ளாட்டுக்குள் பிள்ளைகள்

குழந்தை வதை என்றதும் நம்மவர்களுக்கு அது வேறு யாரோ வீட்டுச் சமாச்சாரம். பெல்ட்டால் அடிக்கும் அப்பன், சூடு வைக்கும் சித்தி என்று சினிமாவில் பார்த்த முகங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ரோலாவில் பல வீடுகளில் நடப்பது சத்தமில்லாத வேறு ஒன்று. பள்ளி விட்டு வரும் ஏழு வயதுப் பிள்ளை தானே கதவைத் திறந்து, தானே சாப்பிட்டு, இருவரும் டியூட்டி முடிந்து வரும்வரை டிவியோடும் டேப்லெட்டோடும் தனியே கிடக்கிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், ஊரில் கட்டும் வீட்டுக் கடன் எல்லாம் சேர்ந்து இருவரையும் வேலைக்கு அனுப்புகிறது. அதைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தத் தனிமைக்கும் கவனிப்பின்மை என்றுதான் பெயர். ஷார்ஜாவின் உயர்ந்த கட்டிடங்களில் ஜன்னலிலிருந்தும் பால்கனியிலிருந்தும் குழந்தைகள் தவறி விழுந்த செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம்!

வாடகையைப் பங்கிட ஒரு அறையைப் பார்ட்டிஷன் போட்டு அந்நியருக்கு விடும் வீடுகளில் இன்னொரு அபாயமும் உண்டு. 2007இல் இந்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில் (தமிழகம் அதில் இல்லை, அதனால் நாம் நிம்மதி அடைய வேண்டாம்) பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள். செய்தவர்களில் சுமார் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்களே. "அங்கிளிடம் விட்டுவிட்டுப் போகிறேன்" என்று சொல்லுமுன் ஒரு கணம் யோசியுங்கள்.

இது உடம்பையும் தொடும் விஷயம் என்பதால்தான் இந்தப் பகுதியில் எழுதுகிறேன். அமெரிக்காவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வு, அடி, வசை, பாலியல் தொல்லை, தாய் அடிபடுவதைப் பார்ப்பது, குடிகாரர் உள்ள வீடு போன்ற ஏழு வகைச் சிறுவயதுத் துன்பங்களைக் கணக்கிட்டது. நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. இதயநோயும் புற்றுநோயும்கூட அவர்களிடையே அதிகம். அந்தச் செலவைப் பிற்பாடு மருத்துவமனையும் காவல் நிலையமும் சேர்த்துத்தான் சுமக்கின்றன.

இந்நாட்டில் 2016இல் வந்த 3ஆம் எண் கூட்டாட்சிச் சட்டத்தை மக்கள் 'வதீமா சட்டம்' என்கிறார்கள். 2012இல் தந்தையாலும் அவருடன் இருந்த பெண்ணாலும் சித்திரவதை செய்யப்பட்டு இறந்த 8 வயதுச் சிறுமியின் பெயர் அது. 18 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும், எந்த நாட்டவரானாலும், அது பொருந்தும். அடிப்பது மட்டுமல்ல, கவனிக்காமல் விடுவதும் அதில் குற்றம். ஆசிரியர், மருத்துவர் போன்றோர் சந்தேகம் வந்தால் புகார் தந்தே ஆகவேண்டும்.

பக்கத்து ஃப்ளாட்டில் தினமும் ஒரு பிள்ளை அலறினால் நாம் டிவி சத்தத்தைக் கூட்டுகிறோம். "வம்பு எதற்கு, விசா பிரச்சினை ஆகிவிடும்" என்ற பயம். தகவல் கொடுத்தவரின் பெயரை அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஷார்ஜாவில் குழந்தை உதவி எண் 800700. உள்துறை அமைச்சின் எண் 116111. பிள்ளையை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டிருப்பவர்கள் 1098ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.