அச்சு வரவில்லையா? பூட்டைக் கழற்றாதீர்கள்!
ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்கு மாடி வீடுகளில் கம்பியில்லாப் பிரிண்டர் வந்துவிட்டது. வீட்டார் எல்லோரும் வைபை மூலம் அதில் அச்சடிக்கலாம்.

திடீரென்று ஒரு நாள் அச்சு வராது. உடனே சிலர், "பாஸ்வேர்டை எடுத்துவிடு! பயர்வாலை நிறுத்து!" என்கிறார்கள்.

இது தவறு. பயர்வால்தான் கம்ப்யூட்டரின் காவல்காரன். சாவி திரும்பவில்லை என்று கதவையே கழற்றுவார்களா? அடுக்கு வீட்டில் உங்கள் வைபை அடுத்த வீட்டுக்கும் எட்டுமே!

வழி என்ன?

கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒரே வைபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று விருந்தாளிக்கான வைபையில் இருந்தால், மற்றது அதற்குத் தெரியாது.

ரூட்டரையும் பிரிண்டரையும் ஒரு முறை நிறுத்திப் போடுங்கள். அப்படியும் வரவில்லையா? கம்ப்யூட்டரில் பிரிண்டரை நீக்கிவிட்டு, மீண்டும் சேருங்கள். பெரும்பாலான கோளாறு இதிலேயே தீரும்.

பைல்களைப் பகிரும்போது, பாஸ்வேர்டு கட்டாயம் வேண்டும். 'எஸ்.எம்.பி. 1' என்ற பழைய பகிர்வு முறையைத் திறக்கவே கூடாது. 2017 மே மாதம், 'வான்னாக்ரை' என்ற கம்ப்யூட்டர் கிருமி அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் புகுந்தது. சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, பணம் கேட்டது. ஆந்திர போலீஸ் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை!

அச்சு அரை மணி தாமதமானால் குடி முழுகிவிடாது. குடும்பக் கணக்கும் குழந்தைகளின் படமும் போனால், திரும்பி வருமா?