பலகைக்குக் காசு இருக்கிறது, அடிச்சட்டகத்துக்கு இல்லையா?

பாடசாலைத் தோட்டத்தில், வேப்பமர நிழலில், பிள்ளைகள் இருந்து வாசிக்க ஒரு பதிவான மர மேடை. பழைய மாணவர்கள் காசு தருகிறார்கள். நல்ல விசயம், வரவேற்கிறோம். ஆனால் ஆசிரியர்கள் நாங்கள் வாய் திறந்தால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "சேர், தரையிலிருந்து ஓரடி உயரம்தானே, இதுக்கெல்லாம் எதுக்கு பிளான்? ஓடாவி பார்த்துக்கொள்வார்."

பதிவான மேடை என்பதால்தான் பிளான் கேட்கிறோம். உயரமான மேடை என்றால் கீழே குனிந்து பார்க்கலாம். இதைப் பலகை அடித்து மூடிய பிறகு கீழே நடப்பது கறையானுக்கு மட்டும்தான் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 20 அடி நீளம், 12 அடி அகலம். பலகை நீளவாக்கில் ஓடுகிறது. அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று வைத்தால் 16 வேண்டும். 2 அடிக்கு ஒன்று வைத்தால் 11 போதும். ஐந்து சட்டம் மிச்சம்! இதைத்தான் "செலவைக் குறைத்தோம்" என்று கூட்டத்தில் பெருமையாகச் சொல்வார்கள். ஓரங்குலப் பலகை 2 அடி இடைவெளியில் துள்ளும். 40 பிள்ளைகள், ஆளுக்கு 30 கிலோ என்று வைத்தாலும் 1200 கிலோ. அதுவும் அமைதியாகப் பரவி இருக்கப்போவதில்லை. மணி அடித்தால் எல்லாரும் ஒரே மூலையால்தான் குதிப்பார்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளையின் கால் பலகைக்குள் இறங்கினால் யார் பதில் சொல்வது? அன்று கடமையில் நின்ற டீச்சர்தான்.

அடுத்தது, மரத்தை நேரே மண்ணில் படுக்கவைப்பது. "தென்னங் கைமரம் கூரையில் எத்தனை வருசம் நிற்கிறது" என்று கேட்கிறார்கள். கூரையில் அது காய்ந்து கிடக்கிறது. மண்ணில் மாரி முழுக்க ஈரத்தில் ஊறும். முற்றிய தென்னையிலும் வெளிப்பக்கம்தான் வைரம், நடுப்பகுதி மென்மையானது. பாலை, முதிரை வாங்க வசதி இருந்தாலும் மண்ணில் படவிடாதீர்கள். மண்ணுக்கு மேலே தலை நீட்டிய கொங்கிறீட் கட்டைகள், அவற்றின்மேல் 4 அடிக்கு ஒரு அடிவளை, அதன்மேல் குறுக்குச் சட்டம். கீழே காற்று ஓடவேண்டும். அழகுக்காக நாலு பக்கமும் பலகையால் அடைக்கச் சொல்கிறவர்கள் அந்தக் காற்றைத்தான் அடைக்கிறார்கள். மேலே பலகைகளுக்கிடையே கால் அங்குலம் விட்டால் மழைத்தண்ணீர் தேங்காது. கடலோர ஊர் என்றால் சாதாரண இரும்பாணி வேண்டாம், துருப்பிடிக்காத திருகாணி போடுங்கள்.

கழிவு எண்ணெய் பூசலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் இருக்கப்போகும் இடம் ஐயா அது!

பிளான் கேட்டால் வேலையை இழுத்தடிக்கிறோமாம். ஒரு தாள், ஒரு அடிமட்டம், ஒரு பின்னேரம். இவ்வளவுதான் கேட்கிறோம். மரக்காலைக்குப் போகமுதல் ஓடாவியோடு உட்கார்ந்து கட்டை எத்தனை, வளை எத்தனை, சட்டம் எத்தனை என்று எழுதுங்கள். காசு போதாதா? மேடையை 12க்கு 10 ஆக்குங்கள். சட்டத்தைக் குறைக்காதீர்கள்.

திறப்புவிழாப் படத்தைப் பிறகு போடலாம். பலகை அடிக்கமுதல், சட்டகம் மட்டும் தெரியும் ஒரு படத்தைப் பெற்றோர் குழுவில் போடுங்கள். நாங்களும் வந்து பார்க்கிறோம்.