108 ஆம்புலன்ஸில் வருபவர் யார்? 50 நாள் பயிற்சியும் கிராமங்களின் தேவையும்

108-க்கு போன் போட்டால் ஆம்புலன்ஸ் வரும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால், அந்த வண்டியில் இருந்து முதலில் இறங்கி நோயாளியைத் தொடுபவர் யார்? டாக்டரா? இல்லை. நர்ஸா? சில நேரம் ஆம். அவருக்குப் பெயர் அவசரகால மருத்துவ உதவியாளர். சுருக்கமாக, இ.எம்.டி.

நகரத்தில் இருப்பவருக்கு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கும். மலைக்கிராமங்களிலோ, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களிலோ அப்படி இல்லை. மருத்துவமனை போய்ச் சேரும்வரை நோயாளியின் உயிர் இந்த ஒருவரின் கையில்தான். அதனால், இவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம், என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்பது கிராமங்களுக்குத்தான் பெரிய கேள்வி.

ஒரு வண்டி, இரண்டு பேர்

108 சேவை 2005 ஆகஸ்ட் 15-ல் ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. நிதி தருவது அரசு, நடத்துவது இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம்.

வண்டியை ஓட்டுபவரை 'பைலட்' என்கிறார்கள். பின்னால் இருப்பவர் இ.எம்.டி. ரத்தப்போக்கை நிறுத்துவது, எலும்பு முறிந்த இடத்தை அசையாமல் கட்டுவது, ஆக்சிஜன் கொடுப்பது, சி.பி.ஆர். செய்வது, வழியிலேயே வலி வந்தால் பிரசவம் பார்ப்பது எல்லாம் இவர் வேலை. சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம்.

யார் சேரலாம்?

ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் வழக்கமாகக் கேட்கப்படும் தகுதி இதுதான்: நர்சிங், பார்மசி, டி.எம்.எல்.டி. போன்ற படிப்புகள், அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் பி.எஸ்சி. வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு முடிந்து தேர்வானவர்களுக்கு சுமார் 50 நாள் பயிற்சி. அதன் பிறகு 12 மணி நேர ஷிப்ட், பகல் இரவு மாறி மாறி.

50 நாள் போதுமா?

கேட்டதும் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால், அமெரிக்காவில் அடிப்படை நிலை இ.எம்.டி. படிப்பே சுமார் 150 மணி நேரம்தான். முதல் படிக்கு 50 நாள் என்பது குறைவு என்று சொல்லிவிட முடியாது.

வித்தியாசம் அடுத்த படியில் இருக்கிறது. அங்கே இ.எம்.டி.யாக இருப்பவர் 1,000 மணி நேரத்துக்கும் மேல் படித்து 'பாராமெடிக்' ஆகலாம். கூடுதல் மருந்துகள், கூடுதல் சிகிச்சை, கூடுதல் சம்பளம் எல்லாம் அதோடு வரும். இங்கே ஐந்து வருடம் வண்டியில் ஓடியவருக்கும் அப்படி ஒரு தெளிவான ஏணி இல்லை. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்முறையாளர்கள் சட்டம், அவசரகால மருத்துவத் தொழில்நுட்பரைத் தனித் தொழிலாக அங்கீகரித்தது. அந்தப் பெயருக்கு ஏற்ற படிப்பும் பதவி உயர்வும் வந்தால்தான் சட்டத்துக்குப் பலன்.

ஆட்கள் ஏன் தங்குவதில்லை?

இது நேரடி அரசு வேலை இல்லை. நர்சிங் படித்தவர் எம்.ஆர்.பி. மூலம் அரசு மருத்துவமனையில் இடம் கிடைத்தால் போய்விடுவார். அதில் தப்பும் இல்லை. மாநிலத்தில் எங்கே போட்டாலும் போக வேண்டும் என்பதால், சொந்த ஊரில் இருந்து வெகுதூரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, இரவு ஷிப்ட் பார்ப்பதும் எல்லோருக்கும் ஒத்துவராது. ஒருவர் விலகினால் வண்டி நிற்கும், அல்லது இன்னொருவர் தொடர்ந்து டியூட்டி பார்க்க வேண்டும்.

உள்ளூர் ஆட்களை எடுத்தால்?

கிராமத்தில் இருந்து அழைப்பவர்கள் தெருப் பெயர், கதவு எண் சொல்வதில்லை. "மாரியம்மன் கோயில் தாண்டி, புளியமரத்துக்கிட்ட" என்பார்கள். உள்ளூர்க்காரருக்கு அது போதும். வேலையை விட்டு சீக்கிரம் போகவும் மாட்டார்.

இதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகர், பிரஷர் பார்க்க வீட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் அதே பகுதியின் சுய உதவிக்குழுப் பெண்கள்தான். ஆனால் அந்த வேலை வேறு, ஆம்புலன்ஸ் வேலை வேறு. பி.எஸ்சி. படித்தவர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார். அதனால் இரண்டு அடுக்காக யோசிக்கலாம். வண்டிக்கு, அந்தந்த வட்டாரத்தில் தகுதி உள்ளவர்களுக்கு முன்னுரிமை. ஊருக்குள், சி.பி.ஆரும் ரத்தப்போக்கை நிறுத்துவதும் தெரிந்த நான்கைந்து பேர்.

இரண்டாவது அடுக்கு ஏன் முக்கியம் என்றால், இதயம் நின்றுவிட்டால் நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை பாதிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் எந்தக் கிராமத்துக்கும் ஆம்புலன்ஸ் வந்து சேர்வது கஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர்தான் வர முடியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

லைஃப் சயின்ஸ் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடும் தம்பி, தங்கை இருந்தால் இந்த வேலை பற்றிச் சொல்லுங்கள். கஷ்டங்களையும் சேர்த்தே சொல்லுங்கள். சி.பி.ஆர். கற்றுக்கொள்ளுங்கள், சில மணி நேரம்தான் ஆகும். விபத்தில் உதவினால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும் என்ற பயமும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. தன் பெயரைச் சொல்லும்படிகூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.