அக்கரைக் கல்லூரி

பள்ளிக்கூடம் என்றால் சிறை, கல்லூரி என்றால் விடுதலை என்றொரு சித்திரத்தை நம் திரைப்படங்களும் வாரப் பத்திரிகைக் கதைகளும் நெடுங்காலமாகத் தீட்டிவந்திருக்கின்றன. அண்மையில் நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது பேச்சு இந்தத் திசையில் திரும்பியது. ஏறக்குறைய எல்லோருமே கல்லூரி நாட்களை நினைத்துத்தான் உருகினார்கள். சற்றுக் கவனித்துக் கேட்டபோது ஒன்று புலப்பட்டது. உருகியவர்கள் அனைவரும் விடுதியில் தங்கியோ, நகரத்துக்குள்ளேயே வீடிருந்தோ படித்தவர்கள். கிராமத்திலிருந்து பேருந்தில் வந்துபோன ஒருவர் மட்டும் பேசாமல் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

தஞ்சை வட்டாரத்தில் இந்த இரு வாழ்க்கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கும்பகோணத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறார். எல்லோரும் அறிந்தவர்தான். ஆனால் அவரைக் கணித மேதையாகவே பார்த்துப் பழகிவிட்டதால், ஒரு சாதாரண மாணவனாக அவருக்கு நேர்ந்ததை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

சீனிவாச இராமானுஜன் 1897-இல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். அதன் பயனாகக் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் அரைக் கட்டணச் சலுகை கிடைத்தது. அந்தப் பள்ளி அவரை நன்றாகவே வைத்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆசிரியர்களுக்குப் பிரித்து ஒதுக்கும் சிக்கலான வேலையை மூத்த கணித ஆசிரியர் இந்தப் பையனிடமே கொடுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1904-இல் கணிதப் பரிசை வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணுக்கும் மேலே பெறத் தகுந்தவன் என்று சபையில் அறிமுகப்படுத்தினார்.

அதே 1904-இல் காவிரிக்கு அக்கரையில் இருக்கும் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரந்தான். ஊர் மாறவில்லை, வீடு மாறவில்லை, பையனும் மாறவில்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை. மேல்வகுப்புக்குப் போக முடியவில்லை. உதவித்தொகை போயிற்று. 1905-இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து மறுபடி சேர்ந்தபோது வருகைப்பதிவு போதவில்லை என்று பருவச் சான்றிதழ் கிடைக்கவில்லை. பிறகு 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி, இடையில் உடல்நலக்குறைவு, 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எழுதி அதிலும் தோல்வி.

மேதைகளின் கதை விதிவிலக்கு, அதைக் கொண்டு பொதுவாக எதையும் சொல்லலாகாது என்று நண்பர்கள் மறுக்கக்கூடும். நான் மாறாகவே நினைக்கிறேன். அவருடைய கணிதம் விதிவிலக்கு. அவருடைய தோல்வி விதிவிலக்கன்று. ஆங்கிலத் தாள், வருகைப்பதிவு, உதவித்தொகை ஆகிய மூன்றில்தான் அவர் விழுந்தார். இன்றும் இந்த மாவட்டத்துப் பையன்கள் விழுவது இதே மூன்றில்தான்.

கல்லூரியைக் குற்றம் சொல்லுவதும் எளிதன்று. அது விதிகளின்படி நடந்துகொண்டது. அங்கே கணிதம் கற்பித்த பி.வி. சேஷு ஐயர் அந்தப் பையனை மறக்கவுமில்லை. 1910-இல் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் இராமானுஜன் போய்ச்சேர்ந்ததில் அவருடைய அறிமுகக் கடிதத்துக்குப் பங்குண்டு. ஆனால் அதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. (இதே கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்த உ.வே.சாமிநாதையர் எந்தக் கல்லூரியிலும் மாணவராக இருந்தவரல்லர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நிழலிலேயே வாழ்ந்து படித்தவர். இராமானுஜன் உள்ளே நுழைவதற்கு முந்திய ஆண்டு அவர் சென்னைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். தமிழாசிரியர் கணித மாணவனுக்கு என்ன செய்திருக்கப் போகிறார் என்றாலும், இந்த ஓராண்டு இடைவெளி என் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.)

நிற்க. இன்றைய நிலைக்கு வருவோம்.

ஒரு கிராமத்துப் பள்ளியில் பையன் இரண்டு நாள் வராவிட்டால், அதே தெருவில் இருக்கும் இன்னொரு பையனிடம் ஆசிரியர் சொல்லி அனுப்புவார். சில சமயம் அவரே டீக்கடையில் தகப்பனைப் பிடித்து விசாரிப்பார். அதில் அதட்டலும் உண்டு, அவமானமும் உண்டு. சாதியை வைத்துப் பேசும் பேச்சும் சில இடங்களில் உண்டு. பள்ளியைச் சொர்க்கமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அங்கே ஒருவன் காணாமற்போனால் காணவில்லை என்பது தெரியும். கல்லூரியில் அது ஒரு சதவீதமாகப் பதிவாகும். எழுபத்தைந்துக்குக் கீழே இறங்கியவர்களின் பெயர்கள் பருவத்தின் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

தோல்விக்கும் இரண்டு இடங்களிலும் வெவ்வேறு குணம். பள்ளியில் தோற்றால் ஊருக்கே தெரியும். கல்லூரியில் அது 'அரியர்' என்ற பெயரில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். மூன்று, ஐந்து, எட்டு என்று வளரும்வரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்தவன் முதல் வாரமே இயற்பியலை ஆங்கிலத்தில் கேட்க நேரும்போது, புரியவில்லை என்று சொல்ல அங்கே அவனுக்குத் தெரிந்த முகம் எதுவுமில்லை. மௌனமாகப் பின்வரிசைக்குப் போய்விடுகிறான். அதைத்தான் கல்லூரிச் சுதந்திரம் என்று நாம் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றுகிறது.

டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும். குறுவைக்கு விதை, உழவு, உரம் என்று கையிலிருக்கும் காசெல்லாம் வயலுக்குள் போகும் அதே சமயத்தில்தான் கல்லூரியில் சேரவேண்டும். முதல் பருவத் தேர்வு நவம்பரில். வடகிழக்குப் பருவமழையில் சம்பா வயலில் தேங்கிய தண்ணீரை வடிக்க வீட்டில் ஆள் தேவைப்படும் மாதம் அது. சம்பா அறுவடைப் பணம் தை, மாசியில் வரும். பள்ளியில் கட்டணம் பெயரளவுக்கே என்பதாலும், சத்துணவும் மிதிவண்டியும் இருந்ததாலும் இந்த முரண் உறைக்கவில்லை. கல்லூரி நாட்காட்டியோ வயலை அறியாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் வந்தன. ஆயிரம் ரூபாய் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். எனினும் பணத்தோடு கூடவே ஒரு முகமும் வேண்டியிருக்கிறது. முதலாண்டின் முதல் பருவத்தில் இருபது, முப்பது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று ஒதுக்கி, வராதவனை வாரந்தோறும் விசாரிக்கச் செய்வது பெரிய செலவன்று. பொறுப்பாசிரியர் என்ற பெயர் காகிதத்தில் பல கல்லூரிகளில் இருக்கவே செய்கிறது. நிரந்தரப் பணியிடங்கள் காலியாகவும், கௌரவ விரிவுரையாளர்கள் இரண்டு ஷிப்ட்டுக்கும் ஓடுகிறவர்களாகவும் இருக்கும்போது யார் விசாரிப்பது என்பதுதான் கேள்வி.

கல்லூரி வாழ்க்கையின் இனிமை வகுப்பறைக்கு வெளியில் இருக்கிறது என்று வாதிடுவார்கள். உண்மைதான். 'மோகமுள்' பாபு கும்பகோணத்தில் கல்லூரி மாணவனாக இருக்கிறான். ஆனால் அவன் படிப்பு ரங்கண்ணாவின் வீட்டில் நடக்கிறது. தி. ஜானகிராமனும் எம்.வி. வெங்கட்ராமும் அந்தக் கல்லூரியில் படித்தவர்களே. அவர்களுக்கு ந. பிச்சமூர்த்தியும் கு.ப.ரா.வும் வாழ்ந்த ஊர் கிடைத்தது, மாலைப்பொழுது கிடைத்தது. ஐந்தரை மணிப் பேருந்தை விட்டால் இரவு எட்டுக்குத்தான் அடுத்தது என்றிருக்கும் பையனுக்கு அந்த மாலைப்பொழுது கிடையாது. அவனுக்குக் கல்லூரி என்பது வகுப்பறை மட்டுமே.

பல்கலைக்கழகம் இன்னும் தொலைவில். இங்குள்ள பெரும்பாலான கலைக்கல்லூரி மாணவர்களுக்கு 1982-இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகம் மதிப்பெண் பட்டியலின் தலையில் அச்சடித்த பெயர். 1981-இல் தஞ்சையிலேயே எழுந்த தமிழ்ப் பல்கலைக்கழகமோ பெரிதும் ஆய்வாளர்களுக்கானது. மேலிருந்து பார்த்தால் 'தமிழ்நாடு' என்ற எழுத்துகள் தெரியுமாறு அந்த வளாகத்தைத் திட்டமிட்டார்கள். வல்லம் சாலையில் பேருந்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

அய்யம்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குத்தகை விவசாயியின் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் தன் பள்ளியில் முதலாவதாக வந்தான். கல்லூரியில் முதல் பருவத்தில் மூன்று அரியர். இரண்டாம் ஆண்டு பாதியில் நின்றுவிட்டான். இப்போது அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். நன்றாகவே சம்பாதிக்கிறான், அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை.

இராமானுஜனின் உதவித்தொகை போனபோது அவர் தாய் கோமளத்தம்மாள் நேரே முதல்வரைப் பார்த்து, கணக்கில் என் மகனுக்கு ஈடு யார் என்று வாதாடியதாக இராபர்ட் கனிகெல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. முதல்வர் மரியாதையாகவே மறுத்து அனுப்பினாராம். பலிக்காவிட்டாலும், யாரைப் பார்ப்பது என்பது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அய்யம்பேட்டைப் பையனின் தாயார் மகன் நின்றுபோன பிறகு ஒருநாள் என்னிடம் கேட்டார்: "பள்ளிக்கூடத்துலன்னா பெரிய வாத்தியாரப் போயிப் பாத்திருப்பேன். காலேஜுல யாரப் போயிப் பாக்கணும் தம்பி?"

எனக்கும் தெரியவில்லை.